வேடமும் நஞ்சும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நான் உயர்தரம் படிக்கும் மாணவி. ‘தி அபொதிகரி டயரீஸ்’ என்ற யப்பானிய அசைபடத் தொடரில் (அனிமே) வரும் மருந்துக்காரப் பெண் மாவோமாவோவாக வேடமிட்டு, கொழும்பில் நடக்கும் கொமிக் கொன் என்ற சித்திரக்கதை, அனிமே ரசிகர் விழாவுக்குப் போக விரும்புகிறேன். எங்கள் லயத்துக்குப் பின்னால், தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூக்கள் நிறையப் பூத்திருக்கின்றன. மூலிகைக் கூடையில் வைப்பதற்கு அவற்றைப் பறித்துக் கொள்ளலாமா? முகத்துக்கும் அந்தக் காலத்து வெள்ளைப் பூச்சைப் போலவே செய்துகொள்ள வழி உண்டா?
— வாசகி, ஹட்டன்

பதில்: பூவைப் பறிக்க வேண்டாம். எக்காளத்தைக் கவிழ்த்துப் பிடித்ததுபோல் தொங்கும் அந்தப் பூ ஊமத்தையின் நெருங்கிய உறவு. தென்னமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இச்செடி நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் குளிரில் வேலியோரமெல்லாம் தானாகவே வளர்கிறது. இலை, பூ, விதை என்று அதன் எல்லாப் பாகங்களிலும் ஸ்கொபொலமின், அத்ரோபின் ஆகிய நச்சுப்பொருள்கள் உள்ளன. கண் சிகிச்சை நிலையத்தில் கண்மணியை விரியச் செய்வதற்கு விடும் சொட்டு மருந்துகளில் ஒன்று இந்த அத்ரோபின்தான். செடியைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கிய தோட்டக்காரர்களுக்கு ஒரு கண்ணின் மணி மட்டும் பெரிதாக விரிந்துவிடுவதும், மூளையில் ஏதோ கோளாறு என்று பதறி வைத்தியசாலைக்கு ஓடியபின் “இன்று எந்தச் செடியைத் தொட்டீர்கள்?” என்ற ஒரு கேள்வியில் மர்மம் அவிழ்வதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கொஸ்ப்ளே, அதாவது கதைப் பாத்திரமாக வேடமிடுதல், செய்பவர்களோ கண்ணில் நிற வில்லைகளைப் பொருத்துவதற்காக விரலைக் கண்ணுக்குள்ளேயே கொண்டுபோகிறவர்கள். கூடைக்குக் கொத்தமல்லி, சுக்கு, காய்ந்த வல்லாரை, ஒரு பிடி தேயிலை ஆகியவை போதும். வாசனையும் வரும், பக்கத்தில் நின்று படம் எடுப்பவருக்கும் ஆபத்தில்லை.

முகப்பூச்சைப் பற்றிய உங்கள் கேள்வி இன்னும் சுவையானது. நீங்கள் வேடமிட விரும்பும் பாத்திரம் அந்தக் கதையில் முதலில் கண்டுபிடிக்கும் நஞ்சே வெள்ளை முகப்பூச்சுத்தான். அரண்மனைப் பெண்கள் பூசிக்கொண்ட அந்த மாவில் ஈயம் இருந்தது. கதை கற்பனையானாலும் ஈயம் கற்பனையன்று. வெள்ளை ஈயம் எனப்படும் ஈயக் காபனேற்று, சருமத்தில் வழவழப்பாகப் படிந்து நன்றாக மூடுவதனால் ஐரோப்பாவிலும் சீனாவிலும் யப்பானிலும் பல நூற்றாண்டுகள் விரும்பிப் பூசப்பட்டது. 1887இல் யப்பானியப் பேரரசர் முன்னிலையில் நடந்த கபுகி என்ற யப்பானிய மரபு நாடகத்தில், நான்காம் நகமுரா ஃபுகுசுகே என்ற நடிகரின் கால் கட்டுக்கடங்காமல் நடுங்கியது. ஆண்டுக்கணக்காகப் பூசிய வெள்ளை மாவின் ஈயமே காரணம் என்று தெரியவந்த பின்னரே, ஈயமில்லாத முகமாவுக்கான தேடல் அங்கு சூடுபிடித்தது. நம் பக்கத்திலும் கதை வேறில்லை. பழைய கூத்தர்கள் முகத்துக்கு அரைத்துப் பூசிய மஞ்சள் அரிதாரம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்துக்கு வேடம் கட்டுகிறவர்களுக்கு இப்போது கடையில் கிடைக்கும் பூச்சுகள் இருக்கின்றன என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்களுக்கு அந்த வெள்ளைப் பூச்சு தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாவோமாவோ அழகைக் கூட்டுவதற்கு ஒப்பனை செய்பவள் அல்லள். ஆண்களின் கண்ணில் படாதிருக்க மூக்கின் மேல் பொய்ப் புள்ளிகளை வைத்துக்கொள்பவள். புருவப் பென்சிலால் சில பழுப்புப் புள்ளிகளை வைத்து, அவற்றை விரல் நுனியால் லேசாக ஒற்றிவிட்டால் முகம் அமைந்துவிடும். அவளது இடது கையில் சுற்றியிருக்கும் துணிக்கட்டையும் மறக்காதீர்கள். தன் உடலிலேயே நஞ்சைச் சோதித்துப் பார்த்த தழும்புகளை அது மறைக்கிறது. கட்டு உங்களுக்கு, சோதனை அவளுக்கு. அந்தப் பிரிவினை அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: உணவில் வெள்ளி ஊசியை வைத்தால் நஞ்சிருப்பின் கறுத்துவிடும் என்று பல தொடர்களில் காட்டுகிறார்கள். இது உண்மையா?
— வாசகர், தலவாக்கலை

பதில்: பாதி உண்மை, அதுவும் ஆபத்தான பாதி. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். பழங்காலத்து வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக் ஒட்சைட்டு) கந்தகக் கனிமங்களை வறுத்து எடுக்கப்பட்டதால் அதில் கந்தகம் எஞ்சியிருந்தது. அது பட்ட ஊசி கறுத்தது. தூய்மையான ஆர்சனிக் ஒட்சைட்டு வெள்ளியை ஒன்றும் செய்யாது. மறுபுறம், அவித்த முட்டையை வெள்ளிக் கரண்டியால் உண்டு பாருங்கள். மஞ்சள் கருவின் கந்தகத்தால் கரண்டி கறுத்துப்போகும். எனவே இந்த ஊசி நஞ்சைத் தப்பவிட்டு முட்டையைக் குற்றவாளியாக்கக் கூடியது. 1247இல் சீன நீதிபதி சொங் த்ஸு எழுதிய பிரேத விசாரணைக் கையேட்டிலேயே இச்சோதனை இடம்பெற்றிருக்கிறது. அதே நூலில்தான், அரிவாளால் நடந்த ஒரு கொலையில் ஊரார் அரிவாள்களையெல்லாம் வெயிலில் பரப்பிவைத்து, ஈக்கள் மொய்த்த அரிவாளைக் கொண்டு கொலைகாரனைப் பிடித்த கதையும் வருகிறது. ஊசியை மறந்தாலும் அந்த ஈக்களை நான் மறக்கமாட்டேன்.

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதிய என் மகள் எந்நேரமும் அனிமே பார்க்கிறாள், அதில் வரும் நஞ்சுகளைப் பற்றி ஒரு கொப்பியில் படம் வரைந்து எழுதி வைக்கிறாள். வேடத்துக்கென்று போத்தல்களில் மண்டையோட்டுப் படம் ஒட்டுகிறாள். ‘நஞ்சு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. கண்டிக்கலாமா, ஐயா?
— ஒரு தாய், பண்டாரவளை

பதில்: அம்மா, உங்கள் கலக்கம் எங்கிருந்து வருகிறது என்று மலையகத்தில் பிறந்த எவருக்கும் விளங்கும். ‘மருந்து குடித்துவிட்டார்’ என்ற செய்தி எட்டாத தோட்டம் நம்மிடையே அரிது. ஆனால் அந்தச் சாவுகளைக் குறைத்ததும் நச்சியல் என்ற இதே கல்விதான். எந்தப் பூச்சிமருந்து எத்தனை உயிரைக் கொள்கிறது என்று வைத்தியசாலைப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து காட்டியவர்கள் இருந்ததனால்தான், 1990களில் மிகக் கொடிய வகைகளும், 2008 முதல் படிப்படியாகப் பரகுவாட் என்ற களைகொல்லியும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. இலங்கையில் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்ததற்கு இத்தடைகளே முக்கிய காரணம் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட முடிவு.

கண்டிப்பதற்கு முன் கொப்பியை மகளோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். அவள் எழுதுவது ‘எப்படிக் கண்டுபிடித்தார்கள்’ என்பதைப் பற்றியதானால் மகிழ்ச்சியடையுங்கள். இத்துறையின் உண்மையான கவர்ச்சி நஞ்சில் இல்லை, நிரூபணத்தில்தான் இருக்கிறது. 1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒருவன் தன் பாட்டனாருக்குக் காப்பியில் ஆர்சனிக் கலந்து கொடுத்ததாக வழக்கு வந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்ற இரசாயனவியலாளர் நஞ்சைக் கண்டுபிடித்தும், அவர் சோதனையில் பெற்ற மஞ்சள் படிவு வழக்கு நாளுக்குள் கெட்டுவிட்டதால் யூரிமார் அதை நம்பாமல் எதிரியை விடுவித்தார்கள். மனம் பொறுக்காத மார்ஷ், 1836இல் புதிய முறையொன்றை வெளியிட்டார். ஐயத்துக்குரிய பொருளை நாகம் (சிங்க்) என்ற உலோகத்தோடும் அமிலத்தோடும் சேர்க்கும்போது ஆர்சனிக் வாயுவாக வெளியேறும். அந்த வாயுவைச் சூடேற்றினால் கண்ணாடியின் மேல் கறுப்பாகப் பளபளக்கும் ஒரு படலம் படியும். அதை யூரிமாரின் கண்முன் வைக்கலாம், அது கெட்டுப்போகாது. செடிகளின் நஞ்சை உடலிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது என்று பெரிய அறிஞர்களே கைவிட்டிருந்த நேரத்தில், 1850இல் நடந்த ஒரு கொலையை ஆராய்ந்த பெல்ஜியத்தின் ஜான் ஸ்டாஸ், இறந்தவரின் உறுப்புகளிலிருந்து நிக்கொட்டினைப் பிரித்துக் காட்டினார். உங்கள் மகளின் கொப்பியில் இவ்விருவருக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

போத்தல்களைப் பற்றி ஒரே நிபந்தனை விதியுங்கள். மண்டையோட்டுப் படம் ஒட்டிய போத்தலில் நிறமூட்டிய தண்ணீர்கூட வேண்டாம், வெறும் காகிதமோ பஞ்சோ இருக்கட்டும்; வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இது மிகவும் அவசியம். ஆனால் அவள் ஒதுங்கி இருக்கிறாள், உறக்கமும் உணவும் குறைந்துவிட்டன, எழுதுவது தன்னைப் பற்றியதாக இருக்கிறது என்று தோன்றினால் அது வேறு விடயம். அப்போது சுற்றிவளைக்காமல் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் பேசலாம்.

கேள்வி: நஞ்சுகளைக் கண்டறியும் தடயவியல் துறையில் இலங்கையில் வேலை செய்ய வேண்டுமானால் உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுக்க வேண்டும்?
— மாணவன், பதுளை

பதில்: இரசாயனவியல் இருக்கும் எந்தப் பிரிவும் நல்லது. உடலைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரியாவதற்கு உயிரியல் பிரிவில் படித்து மருத்துவ பீடம் செல்ல வேண்டும். அவர் அனுப்பும் மாதிரியில் நஞ்சைத் தேடுபவர்கள், பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் விஞ்ஞானப் பட்டதாரிகள். அதற்குப் பேராதனையிலோ வேறிடத்திலோ இரசாயனவியலில் நல்ல பட்டம் வேண்டும். வேலை தொடர்களில் காண்பதுபோல் இராது. இறந்தவரின் இதயத்திலிருந்து எடுத்த இரத்தத்தில், அருகிலுள்ள உறுப்புகளிலிருந்து மருந்து கசிந்து அளவு கூடித் தெரியக்கூடும் என்பதால் தொடை நாளத்திலிருந்து எடுப்பார்கள். அது கெடாதிருக்கச் சோடியம் புளோரைட்டு சேர்ப்பார்கள். போத்தலை முத்திரையிட்டு, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் யார், எத்தனை மணிக்குப் பெற்றார் என்று கையொப்பம் வாங்குவார்கள். ஒரு கையொப்பம் விடுபட்டால் எதிரித்தரப்புச் சட்டத்தரணி அந்த இடத்தைத்தான் முதலில் பிடிப்பார். எழுத்து வேலையில் பொறுமை இல்லாதவர்களுக்கு இத்துறை ஒத்துவராது.