டிரம்முல கறிக்குப் புகை போடுறது: சூட்டை அடக்குறது எப்படி? கேள்வி பதில்

மூணு வருஷமா 200 லிட்டர் டிரம்முல கறிக்குப் புகை போடுறேன். அதாவது டிரம் அடியில கூடையில கரி, மேல வலையில கறி, காத்துக்குக் கீழயும் மூடியிலயும் ஓட்டை; மூடி போட்டு 120 டிகிரி சூட்டுல புகையிலயே மெதுவா வேக விடுறது. அதுக்கு முன்னாடி ஆம்பூர் பக்கம் கல்யாண வீடுங்கள்ல பிரியாணி அடுப்பு. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

குடியாத்தத்திலிருந்து: பாய், 120 டிகிரியில நிக்கணும்னு சொல்றீங்க. எனக்கு அரை மணி நேரத்துல 180 தாண்டுது. கரியைக் குறைச்சும் பாத்துட்டேன்.

சூடு கரியில இல்லைங்க, காத்துல இருக்கு. கூடை நிறைய கரி போடுங்க, பரவாயில்லை. மொத்தத்தையும் பத்த வைக்காதீங்க. நடுவுல குழி பண்ணி பத்துப் பன்னெண்டு கங்கு மட்டும் வைங்க, நெருப்பு மெதுவா பக்கத்துக் கரிக்கு ஏறும். 100 தொட்டதுமே கீழ் ஓட்டைங்களை ஒண்ணொண்ணா மூடிட்டு வாங்க. 120 ஆன பிறகு மூடலாம்னு இருந்தா போச்சு, ஏறின சூட்டை இறக்குறதுக்குள்ள தாவு தீந்துடும். மூடி மேல இருக்குற ஓட்டை மட்டும் திறந்தே கிடக்கட்டும். அதை அடைச்சா புகை உள்ளேயே தேங்கி கறி கசக்கும்.

பிரியாணிக்குத் தம் போடுறப்போ விறகை வெளியே இழுத்துட்டு, கங்கை வாரி மூடி மேல போடுவோம். அந்தப் பழக்கத்துல நானும் முதல் தடவை மூடியைத் திறந்து கரியை இடுக்கியால எடுக்கப் போனேன். காத்து பூந்து குபுகுபுன்னு எரிஞ்சுது. புருவம் ஒரு பக்கம் காலி.

ஆற்காட்டிலிருந்து: பாலாத்தங்கரையில வேலிக்காத்தான், அதான் சீமைக்கருவேலம், சும்மா கிடக்குது. போடலாமா?

தாராளமா. அமெரிக்காவுல டெக்சாஸ்காரங்க மெஸ்கீட்னு கொண்டாடுற மரம் இதோட நெருங்கின சொந்தம்தான், நாம வேலியில விட்டு வச்சிருக்கோம். ஆனா சூடும் காரமும் ஜாஸ்தி. கரியா போட்டா அருமை. விறகா போட்டா உள்ளங்கை அளவுல ரெண்டு துண்டு போதும், நல்லா காஞ்சிருக்கணும். வாசனைக்கு எனக்குக் கொய்யாவும் மாவும்தான். வேம்பு வேணாம். தச்சுப் பட்டறை பிளைவுட் துண்டு வேணவே வேணாம்.

காட்பாடியிலிருந்து: வெள்ளையா நல்லா புகை வருது அண்ணே. கறி வச்சுடட்டுமா?

வைக்காதீங்க. அது விறகு சரியா எரியாம கரியுற புகை. ஊதுபத்தி மாதிரி மெல்லிசா, நீலமா வர்ற வரைக்கும் பொறுங்க.

பேரணாம்பட்டிலிருந்து: ஆட்டு முன்னந்தொடை, 2 கிலோ. கறிக்குள்ள 68 டிகிரிக்கு வந்தது, ஒரு மணி நேரமா நகரல. கரி சேர்க்கவா?

வேணாம் அக்கா. கறிக்கு வேர்க்குது, அவ்வளவுதான். கத்திரி வெயில்ல வேர்வை காயுறப்போ நமக்கு உடம்பு குளிருதுல்ல, அதே கதை. கறியிலேருந்து ஈரம் ஆவியாகி, உள்ள போற சூட்டையெல்லாம் தின்னுடும். பொறுத்தா தானா ஏறும். அவசரம்னா அலுமினியத் தாள்ல இறுக்கிச் சுத்தி வைங்க. 90 தாண்டினதும் எலும்பைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, கறி கழண்டு வந்தா எடுத்துடலாம்.

வாலாஜாவிலிருந்து: கோழிக்கும் இதே 120 தானா?

கோழிக்கு 150 வைங்க, இல்லைன்னா தோல் ரப்பராயிடும். நெஞ்சுக்கறி நடுவுல 74 காட்டணும்.

ராணிப்பேட்டையிலிருந்து: பழைய இரும்புக் கடையில மலிவா டிரம் கிடைக்குது. கெமிக்கல் வந்த டிரம்மாம். கழுவிட்டா போதுமா?

போதாது. உங்க ஊர் டிரம்முல என்ன வந்திருக்கும்னு எவன் கண்டான்? சமையல் எண்ணெய் வந்த டிரம்மா பாத்து வாங்கி, காலியா வச்சு பெரிய விறகு நெருப்பு போட்டு உள் பெயிண்ட்டை எரிச்சு, தேய்ச்சு எடுங்க. துத்தநாகம் பூசின வலையைக் கறி வைக்கப் போடாதீங்க. சூட்டுல அது நஞ்சு.

சத்துவாச்சாரியிலிருந்து: மிச்சக் கரியை என்ன பண்றது? தண்ணி ஊத்தட்டுமா?

ஐயோ, சாம்பல் மூஞ்சியில அடிக்கும். மேலயும் கீழயும் எல்லா ஓட்டையையும் மூடுங்க, காத்தில்லாம அணைஞ்சுடும். மிச்சம் அடுத்த வாரத்துக்கு ஆகும். ஆனா மழை வருதேன்னு டிரம்மை வீட்டுக்குள்ள நகத்திடாதீங்க. அணையுற கரி விடுற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைத் தூக்கிடும். வெளியிலயே கிடக்கட்டும், காலையில திறந்துக்கலாம்.