முத்துப்பிள்ளை கர்ப்பம்: சுத்தம் செய்த பிறகும் ஊசி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 27. முத்துப்பிள்ளை கர்ப்பம் (குழந்தை சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு முத்து முத்தாக வளர்வது) என்று சொல்லிக் கருப்பையைச் சுத்தம் செய்து இரண்டு மாதமாகிறது. ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் அளவு கடைசி நான்கு வாரமும் 1,900, 1,850, 1,950, 1,880. ரங்கூனுக்குப் போய் கீமோ ஊசி போடச் சொல்கிறார்கள். இன்னொரு முறை சுத்தம் செய்தால் போதாதா? முடி கொட்டுமா?
— வாசகி, மோல்மேன், மியான்மர்

பதில்: ஊசி தேவைதான், சகோதரி. நான்கு வாரமும் அளவு பத்து சதவீதத்துக்குள்ளேயே ஏறி இறங்கினால், அந்தத் திசு கருப்பைச் சதைக்குள் இன்னும் வளர்கிறது என்று பொருள். சுரண்டும் கருவி அவ்வளவு ஆழம் போகாது. திரும்பச் சுரண்டினால் கருப்பை ஓட்டையாகும் ஆபத்தும் உண்டு. இதில் உங்கள் தவறு எதுவுமே இல்லை.

முதலில் மார்பு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்து, நோயின் அபாயத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். 6 வரை குறைந்த அபாயம். வேறெங்கும் பரவாமல், கட்டி 3 செ.மீ.க்குள் இருந்தால் உங்களுக்கு 1தான் வரும். இந்த நிலையில் ஏறக்குறைய எல்லாருமே குணமாகிறார்கள்.

வழக்கமான மருந்து மெத்தோட்ரெக்ஸேட். 1, 3, 5, 7ஆம் நாள்களில் 50 மி.கி. ஊசி, 2, 4, 6, 8ஆம் நாள்களில் ஊசியின் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலினிக் அமில மாத்திரை 15 மி.கி. ஆறு நாள் ஓய்வு, பிறகு அடுத்த சுற்று. அளவு இயல்புக்கு வந்த பின்னும் மூன்று சுற்று உண்டு. பாதியில் நிறுத்தினால் திரும்ப வரலாம். முதல் சுற்றில் ரத்தப்போக்கு வரக்கூடும் என்பதால் ரங்கூனிலேயே தங்குங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது ஒன்று: கர்ப்பத்துக்கு வாங்கிய ஃபோலிக் அமில மாத்திரை வீட்டில் மிச்சமிருக்கும். பெயர் ஒன்றுபோல இருப்பதால், ஃபோலினிக் என்று நினைத்து அதை விழுங்கிவிடுகிறார்கள். அது ஊசியின் வேலையைக் கெடுக்கும். சத்து மாத்திரை எதையும் டாக்டரிடம் காட்டாமல் சாப்பிடாதீர்கள். வலிக்கு இபுப்ரூஃபனும் வேண்டாம்.

இந்த ஊசிக்கு முடி பெரும்பாலும் கொட்டாது. வாய்ப்புண்தான் படுத்தும்: வெதுவெதுப்பான உப்புநீரில் தினமும் நாலைந்து தடவை கொப்பளியுங்கள், மொகிங்காவில் (மீன் குழம்பு நூடுல்ஸ்) மிளகாய்த்தூளைத் தவிருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெயில் தோலைச் சுடும். தனாக்கா (மரப்பட்டைச் சாந்து) பூசியிருந்தாலும் குடை வேண்டும்.

சிகிச்சை முடிந்தபின் ஒரு வருடம் கர்ப்பம் வேண்டாம். புதுக் கர்ப்பமும் ஹெச்.சி.ஜி.யை ஏற்றும், நோய் திரும்பியதா என்று பிரித்தறிய முடியாமல் போகும். கருத்தடை மாத்திரை சாப்பிடலாம். அளவு இயல்பாகும்வரை காப்பர்-டி கூடாது. ஒவ்வொரு பரிசோதனையையும் ஒரே லேபில் செய்யுங்கள். லேப் மாறினால் எண்ணும் மாறும், வீண் பயம் வரும்.