வாயில்லா ஜீவன்னு யாரு சொன்னா?

கேள்வி: அண்ணாச்சி, எங்க அண்ணன் மவ பி.எல். முடிச்சி பாளையங்கோட்டை கோர்ட்டுல ஜூனியரா சேந்து ரெண்டு வருசம் ஆவுது. வாயில்லா ஜீவனுக்குத்தான் வாதாடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. இது பொழப்புக்கு ஆவுமா?
– ஒரு சித்தப்பா, வள்ளியூர்

பதில்: பொழப்பு கிடக்கட்டும் அண்ணாச்சி, மொதல்ல அந்த 'வாயில்லா'வ எடுங்க. தொழுவுல மாடு கத்துனா எங்க ஆச்சி அடுக்களையில இருந்தே சொல்லிருவா, இது தண்ணிக்குக் கத்துது, இது கன்னத் தேடுது, இது காளைக்குக் கத்துது, ஏல போயி பாருன்னு. மூணும் மூணு சத்தம். தண்ணிக்குன்னா கட்டையா விட்டு விட்டு வரும், கன்னத் தேடுனா அடிவயித்துல இருந்து நீளமா வரும். இத இந்தப் பக்கத்துல முன்னாடியே எழுதுனப்ப, ஒரு வார்த்தைக்கா இம்புட்டு சண்டைன்னு ஒருத்தர் கார்டு போட்டாரு. அவருக்கும் சேத்துதான் சொல்லுதேன், வாயில்லன்னு சொல்லிச் சொல்லியே நாம கேக்காம விட்டுட்டோம்.

கத்தாத மாட்ட நான் பாத்தது ஒரு தடவதான். நாங்குநேரி தாண்டி நாலுவழிச்சாலையில டீ குடிக்க எறங்குனேன், பக்கத்துல தார்ப்பாய் போட்ட லாரி. உள்ள இருபதுக்கு மேல மாடு, ஒண்ணோட கொம்பு இன்னொண்ணு விலாவுல குத்தி நிக்குது, கண்ணுல தண்ணி ஒழுகுது, படுத்துரக் கூடாதுன்னு மொளகா தேச்சிருக்கானுவ. ஒரு சத்தம் இல்ல. சரக்கு லாரியில ஆறு மாட்டுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு 1978 விதி இருக்கு. வதைச்சா அபராதம்? 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல மொத தடவைக்கு 10 ரூவாயில இருந்து 50 ரூவா. அறுவது வருசத்துக்கு மேலயும் அந்த 50 அசையாம நிக்கி, இத நான் சாவுற வரைக்கும் எழுதுவேன்.

போலீசு லாரியப் பிடிச்சிட்டா, பறிமுதல் பண்ணதப் பட்டியல் போடுத மகஜர்ல மாடும் அருவா, சைக்கிளோட சேந்து சொத்தா ஏறும், ஓனர் மறுநாளே திருப்பிக் குடுன்னு மனு போடுவாரு. அங்கதான் ஒங்க புள்ள வேணும். அதே 1960 சட்டத்துல 35-வது பிரிவுப்படி மாஜிஸ்திரேட் மாட்டக் காப்பகத்துக்கு அனுப்பலாம், செலவு ஓனர் தலையில. கொன்னாலோ ஊனமாக்குனாலோ ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ். சட்டம் 325-வது பிரிவுல 5 வருசம் வரைக்கும் ஜெயில் உண்டு, அந்தப் பிரிவ எஃப்.ஐ.ஆர்-ல ஏத்த வைக்கதே பாதி வேல. மாட்ட முறுக்கி ஏத்துனதுல வால் எலும்பு எத்தன எடத்துல முறிஞ்சிருக்குன்னு கால்நடை டாக்டர் எழுதுத சான்று இருக்கே, அதுதான் மாட்டோட வாக்குமூலம், அத வரி வரியா வாசிச்சிக் காட்ட கருப்புக்கோட்டு போட்ட ஒரு ஆளு வேணும்லா.

ஒங்க ஊர்ப்பக்கம் இருக்க கூந்தன்குளத்தப் பாருங்க. அது பறவைச் சரணாலயம் ஆனது 1994-ல, பறவ வெரண்டு போயிரும்னு தீவாளிக்கு வெடி போடாத ஊரு அது. கூட்டுல இருந்து விழுந்த குஞ்ச எடுத்து மீன் ஊட்டி வளத்திருக்காவ. அந்த மண்ணுல பொறந்த புள்ளைக்கு இது புதுசா?

பொழப்புக்கு ஆக்ஸிடென்ட் கேஸ், செக் கேஸ் எல்லாம் நடத்தட்டும். மாடு பிடிபடுறது பெரும்பாலும் ராத்திரியில. ஸ்டேஷன்ல இருந்து போன் வந்தா புள்ளையத் தனியா அனுப்பாதீய, நீங்களும் போங்க, ரெண்டு கட்டு வைக்கலும் ஒரு வாளியும் எடுத்துக்கிட்டு. அந்நேரம் அங்க மாட்டுக்குத் தண்ணி வைக்க ஆளு இருக்காது.