நான்கு மாதம் கழித்து ஏன் திரும்புகிறது? கோகைன் வேட்கை பற்றிய கேள்விகளும் பதில்களும்

மூளை ஆராய்ச்சி பற்றி எழுதும் இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கோகைனைப் பற்றியவை. எழுதியவர்களில் பழக்கத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு வாழ்பவர்களும் இருக்கிறார்கள். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

என் தம்பி கோகைன் பழக்கத்துக்கு சிகிச்சை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் நன்றாக இருந்தான். "இப்போதெல்லாம் அந்த நினைப்பே வருவதில்லை அக்கா" என்று அவனே சொன்னான். நான்காவது மாதம் பழைய நண்பன் ஒருவனைத் தற்செயலாகச் சந்தித்தான். அன்று இரவே மறுபடியும் எடுத்துவிட்டான். எங்களை ஏமாற்றிவிட்டான் என்று அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவன் சொன்னது பொய்தானா?

பொய் என்று நான் நினைக்கவில்லை. முடிந்தால் இந்தப் பதிலை உங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

காயம் நாளாக ஆக ஆறும். வேட்கையும் அப்படித்தான் ஆறும் என்று நாம் எல்லோரும் எண்ணுகிறோம். கோகைன் விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பு என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. எலிகள் ஒரு நெம்புகோலை அழுத்தினால் அவற்றுக்குக் கோகைன் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு விளக்கு எரியும், ஓர் ஒலி கேட்கும். பிறகு கோகைனை முற்றாக நிறுத்திவிட்டார்கள். சில எலிகளை மறுநாளும், சிலவற்றை ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்தும் அதே விளக்கையும் ஒலியையும் மட்டும் கொடுத்துச் சோதித்தார்கள். கோகைன் கிடையாது. மறுநாள் சோதித்த எலிகளைவிட, இரண்டு மாதம் கழித்துச் சோதித்தவை பல மடங்கு மூர்க்கமாக நெம்புகோலை அழுத்தின. ஓய்வுக் காலத்தில் வேட்கை தேயவில்லை, வளர்ந்திருந்தது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'அடைகாத்தல்'. வெளியே அசைவில்லாமல் கிடக்கும் முட்டைக்குள் உயிர் வளர்வதைப் போல என்று பொருள்.

மனிதர்களிலும் இப்படித்தானா என்ற கேள்விக்கு 2016இல் ஒரு பதில் வந்தது. உங்கள் தம்பியைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவுவது இந்த ஆய்வுதான். கோகைனை நிறுத்தி இரண்டு நாள் ஆனவர்கள் தொடங்கி ஓராண்டு ஆனவர்கள் வரை வெவ்வேறு கட்டங்களில் இருந்தவர்களுக்குக் கோகைன் தொடர்பான படங்களைக் காட்டி, தலையில் மின்முனைகள் பொருத்தி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். "எவ்வளவு ஆசை இருக்கிறது?" என்று வாய்விட்டும் கேட்டார்கள். வாய்ச்சொல்லில் ஆசை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது. மூளை அலையோ முதல் சில நாட்களைவிட ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் உயர்ந்து நின்றது. ஓராண்டு ஆனவர்களில்தான் இறங்கியிருந்தது. அதாவது "நினைப்பே வருவதில்லை" என்று ஒருவர் மனதாரச் சொல்லும் அதே காலத்தில், அவருடைய மூளை அந்தப் படத்துக்கு முன்னைவிட வலுவாக விழித்துக்கொள்கிறது. அவருக்கே அது தெரியாது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. மூளையின் ஆழத்தில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. எலிகளில் சில வாரம் கோகைன் இல்லாமல் கழிந்த பிறகு, அங்குள்ள நரம்புச் சந்திப்புகளில், குளூட்டமேட் என்ற நரம்பு ரசாயனத்தைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு புதிய வகை வந்து சேர்கிறது. பழைய ஏற்பிகளைவிட இவை சமிக்ஞையை வலுவாகக் கடத்துபவை. இவற்றைத் தடுத்தால் எலிகளின் தேடலும் குறைகிறது என்று 2008இல் காட்டினார்கள்.

இதில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில்தான் எல்லோரும் கூடவே இருக்கிறோம், ஃபோன் செய்கிறோம், கண் வைத்திருக்கிறோம். இரண்டாவது மாதம் ஆனதும் "தேறிவிட்டான்" என்று தளர்ந்துவிடுகிறோம். சிகிச்சை மையங்கள் பலவும் ஒரு மாதத்தில் வழியனுப்பிவிடுகின்றன. துணை மிக அதிகமாகத் தேவைப்படும் காலத்தில்தான் அது விலகிப்போகிறது. உங்கள் தம்பி மறுபடி சிகிச்சைக்கு வர ஒப்புக்கொண்டால், இம்முறை குறைந்தது ஓராண்டுக்குத் திட்டமிடுங்கள். பழைய நண்பர்களை எங்கே, எப்போது எதிர்ப்படக்கூடும் என்பதை அவனோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். அப்பா பேசட்டும். பேச்சு நின்ற வீட்டில் அவன் யாரிடம் போய் "இன்று ஆசை வந்தது" என்று சொல்வான்?

டோபமைன் என்பது மகிழ்ச்சி தரும் ரசாயனம், கோகைன் அதை அதிகரிக்கிறது, அதனால் அடிமையாகிறோம். நான் படித்தது இதுதான். சரியா?

பாதி சரி. நரம்புச் செல் வெளியிடும் டோபமைனை, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ள ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. கோகைன் போய் அதை அடைத்துக்கொள்கிறது. வெளியே வந்த டோபமைன் திரும்ப முடியாமல் செல்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் தேங்குகிறது. 1997இல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மூளைக்குள் நடப்பதைப் படமெடுக்கும் பாசிட்ரான் ஸ்கேன் மூலம் இதை மனித மூளையிலேயே அளந்தது. கடத்திகளில் ஏறக்குறைய பாதி, அதாவது 47 சதவீதமாவது அடைபட்டால்தான் போதை உணரப்பட்டது. புகைத்தாலோ ஊசியில் ஏற்றினாலோ சில நொடிகளில் மூளையை எட்டுவதால் பிடி இன்னும் இறுகுகிறது.

சரியில்லாத பாதி, 'மகிழ்ச்சி' என்ற சொல். குரங்குகளின் டோபமைன் செல்களைப் பதிவு செய்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு சாறை விட்டு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு தாழ்ந்தது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை மூளைக்குச் சொல்லி, எதை நினைவில் வைக்க வேண்டும் என்று கற்பிக்கும் ஆசிரியர் டோபமைன். சாதாரண இன்பம் பழகப் பழக இந்த ஆசிரியர் அமைதியாகிவிடுவார். கோகைன் மருந்தின் வலிமையாலேயே ஒவ்வொரு முறையும் டோபமைனை உயர்த்துவதால், "எதிர்பார்த்ததைவிட நன்று" என்ற பாடம் ஓயாமல் நடக்கிறது. சுற்றியிருந்த அறை, ஆள், வாசனை எல்லாம் அந்தப் பாடத்தில் பதிந்துவிடுகின்றன.

எட்டு ஆண்டாக எடுக்கிறேன். முன்பு இருந்த சுகம் இப்போது இல்லை. பெரும்பாலும் பதற்றமும் வெறுப்பும்தான் மிஞ்சுகின்றன. பிடிக்காத ஒன்றைத் தேடி ஏன் நள்ளிரவில் கிளம்புகிறேன்?

இவ்வளவு நேர்மையாக எழுதியதற்கு நன்றி. பிடித்தல் வேறு, வேண்டுதல் வேறு. ஆய்வாளர்கள் டெரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் முன்வைத்த கருத்து இது: இரண்டும் மூளையில் தனித்தனித் தடங்களில் ஓடுகின்றன, மருந்து திரும்பத் திரும்ப வரும்போது, வேண்டும் என்று இழுக்கும் தடம் கூர்மையாகிக்கொண்டே போகிறது, பிடிக்கும் தடம் அப்படியே நிற்கிறது அல்லது மங்குகிறது. நீங்கள் எழுதிய இரண்டு வரிகளைவிடத் தெளிவாக இதை நான் சொல்ல முடியாது.

அந்த இழுப்பு எவ்வளவு அடியில் வேலை செய்கிறது தெரியுமா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அன்னா ரோஸ் சில்ட்ரஸ் குழுவினர், கோகைன் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருந்தவர்களுக்குக் கோகைன் தொடர்பான படங்களை வெறும் 33 மில்லி நொடி மட்டும் காட்டினார்கள். படம் தெரிந்ததாகக்கூட அவர்களுக்கு உணர்வில்லை. மூளையின் உணர்ச்சிப் பகுதிகளோ கிளர்ந்தன. ஆகவே "ஏன் கிளம்பினேன்?" என்று உங்களையே கேட்டு விடை கிடைக்காமல் போவது உங்கள் குணக்கேடு இல்லை. கிளம்பத் தூண்டியது எது என்பதை ஒரு மருத்துவரோடு சேர்ந்து பின்னோக்கித் தேடுங்கள்: எந்த நேரம், கையில் பணம் இருந்ததா, மது குடித்திருந்தீர்களா, தூக்கம் கெட்டிருந்ததா. வேட்கை அலையைப் போல ஏறி, உச்சம் தொட்டு, இறங்குவது. அந்த நேரத்தைத் தனியாகக் கடக்காமல் யாரையாவது அழைப்பது, இடத்தை விட்டு வெளியேறுவது ஆகியவற்றைப் பழகிக்கொள்ள முடியும்.

ஒருமுறை தொட்டாலே எல்லோரும் அடிமையாகிவிடுவார்களா?

இல்லை. அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வின்படி, கோகைனைத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 15 முதல் 16 சதவீதம் பேர் பத்து ஆண்டுக்குள் அடிமையானார்கள். ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலிகளிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான் வந்தது. அந்த ஆறாவது ஆள் தானா என்பதை முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை.

எலியைக் கூண்டில் அடைத்து மருந்து கொடுத்தால் அது வேறென்ன செய்யும்? இதை வைத்து மனிதர்களைப் பற்றிப் பேசலாமா?

நியாயமான கேள்வி. ஆய்வாளர்களே இதைக் கேட்டுக்கொண்டார்கள். 2007இல் பிரான்சில் செர்ஜ் அஹ்மது குழுவினர், கோகைனுக்கு ஒரு நெம்புகோல், சாக்கரின் கலந்த இனிப்பு நீருக்கு ஒரு நெம்புகோல் என்று வைத்தார்கள். 94 சதவீத எலிகள் இனிப்பு நீரைத் தேர்ந்தெடுத்தன. 2018இல் இன்னொரு குழு மெத்தாம்ஃபெட்டமின் என்ற வேறொரு போதைப்பொருளுக்கும் மற்றொரு எலியின் துணைக்கும் இடையே தேர்வு கொடுத்தது. எலிகள் துணையை நாடின. அப்படித் துணையைத் தேர்ந்தெடுத்த எலிகளில், முதல் பதிலில் சொன்ன அடைகாத்தலும் தடுக்கப்பட்டது. நான் பலமுறை திரும்பப் படித்த ஆய்வு இது. கூண்டில் வேறு எதுவும் இல்லாதபோது கிடைத்த முடிவுகளை வைத்து நாம் வெகுகாலம் பேசிவிட்டோம் என்பது என் வருத்தம்.

மாத்திரை, தடுப்பூசி என்று ஏதாவது வந்துவிட்டதா?

கோகைனுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த மாத்திரை ஒன்றுகூட இல்லை. தடுப்பூசி ஒன்றைச் சோதித்தார்கள். கோகைன் மூளைக்குப் போகுமுன் இரத்தத்திலேயே எதிர்ப்புரதங்கள் அதைப் பிடித்துவிடும் என்பது திட்டம். 2009இல் வெளியான சோதனையில் போதிய எதிர்ப்புரதம் உருவானது 38 சதவீதம் பேருக்கு மட்டுமே. பிறகு நடந்த பெரிய சோதனையும் நினைத்த பலனைத் தரவில்லை.

கையில் இருப்பவற்றில் வலுவான ஆதாரம் உள்ளது, பலருக்கும் பிடிக்காத ஒரு முறை. சிறுநீர்ப் பரிசோதனையில் கோகைன் இல்லை என்றால், அன்றே ஒரு சிறிய வெகுமதிச் சீட்டு. அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் கோகைன் இல்லை என்றால் சீட்டின் மதிப்பு ஏறும். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ், ஆலோசனையோடு இதைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 1993இல் வந்தது: 24 வாரமும் சிகிச்சையில் நின்றவர்கள் 58 சதவீதம், வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் 11 சதவீதம். "போதை எடுக்காமலிருக்கப் பரிசா?" என்று முகம் சுளிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தள்ளியிருக்கும் நன்மையைக் கண்முன் நிறுத்த முடியாமல் தவிக்கும் மூளைக்கு, இன்றே கையில் கிடைக்கும் ஒரு சிறு நன்மையைக் கொடுக்கிறோம். இது இன்னும் எல்லா மையங்களிலும் இல்லாதது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

கோகைன் எடுத்த அரை மணி நேரத்தில் நெஞ்சு இறுக்கிப் பிடித்தது, பிறகு சரியாகிவிட்டது. வயது 29தான். கவலைப்பட வேண்டுமா?

ஆம். கோகைன் இதய இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்கு உயர்வதாக 1999இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. இளம் வயது காப்பாற்றாது. சரியாகிவிட்டது என்று காத்திருக்காமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். மறுபடி இறுக்கினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே கோகைன் எடுத்ததை மறைக்காதீர்கள். எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.