ரிப்போட் சரி, சோர்வு மட்டும் போகவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தைராய்டு குறைவுக்காக மூன்று வருஷமாகத் தினமும் 100 மைக்ரோகிராம் தைரொக்சின் குளிசை குடிக்கிறேன். கடைசி ரிப்போட்டில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹோர்மோன்) 2.1. கிளினிக்கில் 'நோர்மல்' என்றார்கள். ஆனால் பகல் கொழுந்து நிறுப்பதற்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. முடி கொட்டுகிறது, கம்பளி போர்த்தினாலும் குளிர் விடவில்லை. குளிசையைக் கூட்டலாமா?
(38 வயது வாசகி, மஸ்கெலியா)

பதில்: நீங்களாகக் கூட்ட வேண்டாம். இரத்தத்தில் தைராய்டு ஹோர்மோன் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சை ஏற்றிவிடும். 2.1 என்றால் அது கூடுதலாகக் கேட்கவில்லை. அதற்கு மேல் மருந்து போனால் நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் தேயும். ஆனால் உங்கள் சோர்வு உண்மை. அதன் காரணம் வேறிடத்தில் இருக்கலாம், அதைத் தேடித்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்த எண்ணை நம்பலாமா என்று பாருங்கள். மருந்தளவை மாற்றி ஆறு வாரம் ஆகுமுன் எடுத்த டிஎஸ்எச் சரியான நிலையைக் காட்டாது. முடிக்கென்று விற்கும் பயோட்டின் குளிசையும் சில இயந்திரங்களில் முடிவைப் பிழையாக்கும். இரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள்.

எண் சரியென்றால், அடுத்ததாக இரும்புச்சத்தைச் சந்தேகியுங்கள். சோர்வு, முடி உதிர்வு, குளிர் தாங்காமை மூன்றும் இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படியே வரும். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் (உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் 15க்குக் கீழே கிடப்பதுண்டு. மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகிறதா, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து குடித்து எவ்வளவு காலமாகிறது என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. ரொட்டியும் பிளேன்டீயும் ஒன்றாகவே போகும் நம் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இரும்புக் குளிசை எழுதித் தந்தால் ஒரு கண்ணி இருக்கிறது. தைரொக்சினையும் அதையும் சேர்த்து விழுங்கினால் இரண்டும் குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தைரொக்சின் உடம்பில் சரியாகச் சேராமல் நன்றாயிருந்த டிஎஸ்எச் ஏறிவிடும். காலை ஐந்து மணிக்கு எழும்பியதும் தைரொக்சினை வெறுந்தண்ணீரில் குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரவில் படுக்கப் போகும்போது தேசிக்காய்த் தண்ணீரோடு இரும்பைக் குடிப்பது வசதி. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

இரும்பும் சரியென்றால் விட்டமின் பி12, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று போகும் தூக்கம், மனச்சோர்வு என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் தைரொக்சின் குடிப்பவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குச் சோர்வு நீங்குவதில்லை. அவர்களுக்கு டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹோர்மோனையும் சேர்ப்பதா என்பதை ஹோர்மோன் நிபுணர் மட்டுமே தீர்மானிக்கலாம். கர்ப்பம் தரித்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அப்போது மருந்து கூடுதலாகத் தேவைப்படும், அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: தைராய்டு உள்ளவர்கள் கோவாவும் ராபுவும் சாப்பிடக் கூடாதா?
(வாசகர், நுவரெலியா)

பதில்: சமைத்து, வழக்கமான அளவில் சாப்பிட்டால் கெடுதியில்லை. தோட்டத்து மரக்கறியை விட வேண்டாம். உப்பில்தான் கவனம் வேண்டும். 1995 முதல் இலங்கையில் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயம். திறந்து வைத்தால் அது குறையும். மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள். தைரொக்சினையும் அடுப்புத் தட்டில் வைக்காதீர்கள், சூட்டிலும் ஈரத்திலும் வீரியம் போய்விடும்.