பழைய நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்களின் கேள்விகள்

கோலாலம்பூர், பினாங்கு வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

ஆயிரம் வருடப் பழசான காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. சம்பளம் கொஞ்சம்தான். எதில் தொடங்கலாம்? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

ராஜராஜ சோழனின் செப்புக் காசில் தொடங்குங்கள். 985 முதல் 1014 வரை ஆண்டவர் பெயரில் உள்ள காசு என்றதும் விலையை நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் இவை ஏராளமாகக் கிடைத்திருப்பதால், சுமாரான ஒன்று நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும்.

வாங்குமுன் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நின்றிருக்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவம். இரண்டுமே தடித்த கோடுகளால் ஆனவை. முதல் பார்வையில் மனித உருவம் என்றே பிடிபடாது. பூதக்கண்ணாடியில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். உட்கார்ந்தவரின் கையருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். அந்தப் பெயர் முழுதாகத் தெரியும் காசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்; எழுத்து தேய்ந்து போனதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதே அச்சமைப்பை இலங்கையின் பொலன்னறுவை மன்னர்களும் பின்பற்றினார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி என ஒவ்வொரு பெயராகத் தேடிச் சேர்த்தால் அதுவே அருமையான தொகுப்பு. எனக்கு லீலாவதியின் காசு மீது தனிப் பிரியம். ஒரு பெண் தன் பெயரிலேயே காசு அடித்தது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா என்ன!

அப்புறம், நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் சீனச் சோங் வம்சக் காசுகள். நடுவில் சதுர ஓட்டை, சுற்றிலும் நான்கு எழுத்து. சில ரிங்கிட்டுக்கே கிடைக்கும். அவற்றுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு: 1077இல் சீன அவைக்குப் போன சோழத் தூதுக்குழுவுக்கு 81,800 சரம் செப்புக் காசு கொடுத்ததாகச் சீனக் குறிப்பு சொல்கிறது.

அப்பாவின் பூஜைத் தட்டில் இருந்த பழைய செப்புக் காசுகள் கறுத்துக் கிடக்கின்றன. புளி போட்டுத் தேய்க்கலாமா? (செந்தூல் வாசகி)

வேண்டவே வேண்டாம் அம்மா. குத்துவிளக்குக்குப் புளி சரி, பழைய காசுக்கு அது எமன். மேலே படிந்த களிம்போடு, அதனடியில் இருக்கும் எழுத்தையும் தின்றுவிடும். வழவழப்பாக உறைந்துபோன கறுப்பும் கரும்பச்சையும் செம்பைக் காக்கிற படிவு. அதை எடுத்துவிட்டால் காசின் மதிப்பும் போய்விடும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: வெளிர்பச்சையில், மாவு போல, குச்சியால் தொட்டாலே உதிரும் புள்ளிகள். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் ஈரத்துக்கு இது வேகமாகவே வளரும். அப்படிப்பட்ட காசை உடனே தனியே பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போடுங்கள். நீரை அடிக்கடி மாற்ற வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறைகளில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். நாளடைவில் பிசுபிசுவென்று பச்சையாகக் கசிந்து காசைக் கெடுக்கும்.

தாத்தா வைத்திருந்த காசில் ராமர், சீதை படமும் '1818, ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்றும் இருக்கிறது. கோடிக்குப் போகும் என்கிறார்களே? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

போகாது. கம்பெனி இப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. இது கோயில் வாசல்களில் விற்ற பக்தி வில்லை. சென்னையில் கம்பெனி அடித்த வராகன்களில் திருமால் உருவம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவை சின்னஞ்சிறு தங்கக் காசுகள், இது வேறு. 'அரிசியை இழுக்கும் செம்பு' என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களும் இதே வில்லையோடுதான் வருவார்கள். ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். தாத்தாவின் நினைவாகச் சாமி அறையில் இருக்கட்டும்.

லோரோங் கூலிட் சந்தையில் வாங்கலாமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஜார்ஜ்டவுன் வாசகர்)

தாராளமாகப் போங்கள், முதலில் பார்ப்பதற்காக. ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் காந்தமும் பையில் இருக்கட்டும். உதாரணமாக, பிரிட்டிஷ் வர்த்தக டாலர் என்ற பழைய வெள்ளிக் காசு ஏறக்குறைய 26.95 கிராம் இருக்க வேண்டும். 90 சதவீதம் வெள்ளி என்பதால் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினாலோ, எடை கிராம் கணக்கில் குறைந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். பழங்காலக் காசுகளில் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் ஓடும் மெல்லிய இணைப்புக் கோடும், பரப்பில் குட்டிக் குட்டிக் குமிழிக் குழிகளும் இருந்தால், அச்சால் அடித்த அசலைப் பார்த்து, உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி வார்த்த போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சீனக் காசுகளுக்கு இந்தச் சோதனை உதவாது, அவை அசலே வார்ப்புதான்.

அசலைப் பார்த்துப் பழகாத கண்ணுக்குப் போலி தெரியாது. கோலாலம்பூர் போகும்போது சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்தில் நாணயக் கூடத்தை நிதானமாகப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது சங்க காலக் காசு வாங்கி வரலாமா? (பட்டர்வொர்த் வாசகர்)

கூடாது. நூறு ஆண்டைத் தாண்டிய நாணயங்களை இந்தியாவிலிருந்து தனியார் வெளியே எடுத்துவர 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பதை ரசீதோடு விற்பவரிடம் வாங்குங்கள். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு, அதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி, ரசீதையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

நண்பர்கள் மெட்டல் டிடெக்டரோடு பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? (சுங்கை டுவா வாசகர்)

டிடெக்டரோடு போகாதீர்கள். மண்ணிலோ ஆற்றிலோ உரிமையாளர் தெரியாத பழங்காசு கிடைத்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கு இருப்பது நம் பழைய கடாரத்தில், அதாவது இன்றைய கெடாவில். அங்கே ஒரு காசு எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். தோண்டி எடுத்துவிட்டால் அந்தச் செய்தி திரும்ப வராது. நண்பர்களை மெர்போக்கில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள்.