பிரித்துக் கொடுத்தாலும் கலக்கிறார்களே! – வாசகர் கேள்வி பதில்

நகரத்துக் குப்பை நம் மண்ணை என்ன செய்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தனித்தனி டப்பாவில்தான் போட்டுக் கொடுக்கிறேன். என் கண்ணெதிரிலேயே இரண்டையும் ஒரே டிரம்மில் கொட்டிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் நான் எதற்குப் பிரிக்க வேண்டும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் அதை வண்டி தள்ளி வருகிற தூய்மைப் பணியாளரிடம் காட்டாதீர்கள். தெருவில் முக்கால்வாசி வீடு கலந்தே கொடுக்கிறது, முடிக்க வேண்டிய தெருவோ இன்னும் எத்தனையோ இருக்கிறது என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? கேட்க வேண்டியது அவருக்கு மேலே இருப்பவர்களை. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. பிரித்து வாங்கியதைப் பிரித்தபடியே கொண்டுபோக வேண்டும் என்று உள்ளாட்சிக்கும் அதே விதிகள்தான் சொல்லின. நம்மிடம் முதல் பாதியை வற்புறுத்துகிறவர்கள் இரண்டாவது பாதியை அப்படியே விட்டுவிட முடியாது. மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து, தெருப் பெயரையும் வண்டி வந்த நேரத்தையும் சொல்லிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாமல் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிரிப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கலந்த குப்பை எங்கே போய்ச் சேர்கிறது என்பது பெரம்பூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு பக்கத்தில்தான் இருக்கிறது. தென் சென்னைக்குப் பெருங்குடி. அந்தப் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை இடம் பிடித்தது 2022-ல். அதே ஆண்டு ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்து, சுற்றியிருந்த ஜனங்கள் மூச்சுவிடத் திணறினார்கள்.

காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் தனியாக இருந்தால் உரமாகிவிடும். அதையே பிளாஸ்டிக் பையில் கட்டி மற்றதோடு சேர்த்துக் குவித்தால், உள்ளே காற்றுப் போகாமல் அழுகி மீத்தேன் வாயு வருகிறது, அதுதான் தீ பரவவும் துணை போகிறது. அழுகிய சாறும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கறுப்பாகக் கசிகிற நீர் இருக்கிறதே, அது குப்பையில் கிடக்கிற பேட்டரி, பெயின்ட் டப்பா, உடைந்த எலெக்ட்ரானிக் சாமான் எல்லாவற்றிலிருந்தும் உலோகங்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். அடியில் தடுப்பு விரிப்பு எதுவும் போடாமல் பல வருஷங்களாகக் கொட்டிய இடங்கள் இவை. தடுக்க ஒன்றும் இல்லாததால் அது நேராக மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது.

இப்போது பயோமைனிங் என்று சொல்லி பழைய குப்பையைத் தோண்டி, காயவைத்து, சலித்துப் பிரிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் சிமென்ட் ஆலைக்கு. நல்ல வேலைதான், தாமதமாக நடந்தாலும் நடக்கட்டும். ஆனால் சமையலறையில் இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலையை இத்தனை வருஷம் கழித்து, கோடிக்கணக்கில் செலவழித்து, இயந்திரம் வைத்துச் செய்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். அதனால் வண்டி சரியாகும் வரைக்கும் ஒன்று செய்யுங்கள்: பேப்பர், அட்டை, பாட்டில், பால் கவர் இவற்றைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுங்கள். டிரம்முக்கே போகாத பொருளை யாரும் கலக்க முடியாது.

கேள்வி: சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கேரி பேக் வைத்திருந்தால் அபராதம் போடுகிறார்கள். கடையில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் யாரும் கேட்பதில்லையே?
– வாசகர், திருச்சி

பதில்: நியாயமான கேள்வி ஐயா. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கேரி பேக் சாக்கடையை அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, அதனால் அந்தத் தடை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சோதனை என்று வருகிறபோது முதலில் மாட்டுவது உங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்தான், பை தயாரிக்கிற இடத்தின் கதவு அவ்வளவு சுலபமாகத் தட்டப்படுவதில்லை. சிப்ஸ் பாக்கெட் பல அடுக்காக ஒட்டிச் செய்தது, அடுக்கைப் பிரிக்க முடியாததால் காயலாங்கடைக்காரர் தொடக்கூட மாட்டார். அதனால்தான் பாட்டில் பொறுக்குகிறவர்கள் போன பிறகும் தெருவோரத்தில் அது மட்டும் கிடக்கிறது. சந்தைக்கு அனுப்பிய பாக்கெட்டைத் திரும்பச் சேகரித்து அகற்றுகிற பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. அதை உங்கள் வியாபாரிகள் சங்கம் உரக்கக் கேட்க வேண்டும். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிற ஏற்பாடு 2022-ல் வந்ததே, காசு திரும்பி வரும் என்றால் ஜனங்கள் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: பக்கத்துக் காலி மனையில் குப்பையைக் கொட்டி, சாயங்காலம் ஆனால் கொளுத்திவிடுகிறார்கள். குப்பை குறைகிறதே என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: சரியில்லை தங்கை. குப்பை கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். ஒயர், பிவிசி பைப், ரெக்ஸின் போன்றவை எரிந்தால் டையாக்ஸின் என்கிற நச்சு வரும். அது புகையோடு மட்டும் போவதில்லை, சாம்பலில் தங்கி, சுற்றியுள்ள மண்ணில் படிந்து, வருஷக்கணக்கில் அழியாமல் இருக்கும். அங்கே முளைக்கிற புல்லை மேய்கிற மாட்டின் கொழுப்பில் சேர்ந்து பாலுக்கும் வரும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் அபராதம் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. மனைக்காரர் யாரென்று விசாரித்து வேலி போடச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் படம் எடுத்து மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள்.

கேள்வி: முன்பு மெக்கானிக் ஷெட் இருந்த இடத்தை வாங்கி வீடு கட்டியிருக்கிறோம். பின்பக்கம் கொஞ்சம் மண் இருக்கிறது, குழந்தைகளுக்காகக் கீரை போடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்த மண்ணில் நேராகப் போடாதீர்கள் அம்மா. பழைய என்ஜின் ஆயிலும் பேட்டரியிலிருந்து வந்த ஈயமும் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெயையாவது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்றுவிடும், ஈயம் மக்காது, மழையிலும் லேசில் கழுவிப் போகாது, மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது, அவர்கள்தான் மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைப்பார்கள். வேளாண் துறையின் வழக்கமான மண் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருப்பதாக வந்தாலும் நம்பிவிட வேண்டாம், அது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம் மாதிரி பயிருக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஈயம், காட்மியம் பார்க்கத் தனியாகக் கேட்டு, அதற்கு வசதியுள்ள ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும்.

அதுவரை அந்த இடத்தில் தடிமனான ஷீட் விரித்து, அதன்மேல் செங்கல் அடுக்கி ஓர் அடி உயரத்துக்கு வெளியிலிருந்து நல்ல செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பி அதில் போடுங்கள், அல்லது மாடியில் தொட்டி வையுங்கள். கீரையும் முள்ளங்கியும் ஈயத்தை அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும், தக்காளி, வெண்டை, கத்திரியில் குறைவு. ஆகவே முதலில் காயில் ஆரம்பியுங்கள். மீதி வெறும் மண்ணைப் புல் வளர்த்தோ கல் பதித்தோ மூடிவிடுங்கள், புழுதி பறக்காமல் இருந்தால் பாதி ஆபத்து குறையும்.